ஊசுடு ஏரியில் 11 ஞாயிற்றுக்கிழமை: 8×42 பைனாகுலர் எப்படி இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் ஏரிக்கரையில் நின்று பறவை பார்ப்பதற்கு ஒரே ஒரு பைனாகுலர்தான் வாங்க முடியும் என்றால் 8×42 வாங்குங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்குவது, முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். 10, 12 மடங்கு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைனில் 20×50 என்று போட்டு ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்பதை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதை வாங்கி நான் பட்டதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், கையில் இருக்கிற ஒரு பீஸை வைத்து ஒரு கம்பெனியையே எடைபோடுவது சரியில்லை. அதோடு, இதே விலையில் நண்பர்கள் இரண்டு பேர் வைத்திருக்கும் வேறு கம்பெனி 8×42-களையும் கரையில் வாங்கிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதை 'பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் 8×42' என்ற வகைக்கான விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளலாம். என்னுடையது 11,800 ரூபாய். நேரான குழல் போல இருக்கும் ரூஃப் பிரிசம் வகை, உள்ளே நைட்ரஜன் அடைத்தது, தண்ணீர் புகாதது.

2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 13 ஞாயிறு வந்தன, அதில் 11 ஞாயிறு காலை ஊசுடு ஏரிக்குப் போனேன். விட்டுப்போனது இரண்டு. ஒன்று தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, வீடு நிறைய ஆள். இன்னொன்று டிசம்பர் 1, அன்றைக்குப் புதுச்சேரியில் யாருமே எங்கும் போகவில்லை, ஃபெஞ்சல் புயல் முதல் நாள் இரவுதான் கரையைக் கடந்திருந்தது. ஒரே இடத்துக்கு வாரா வாரம் போனதால்தான் இந்தப் பைனாகுலரைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது. கடையில் நின்று எதிர்க் கட்டட போர்டைப் படித்துப் பார்த்தால் எல்லாப் பைனாகுலரும் நன்றாகத்தான் இருக்கும்.

ஏரியைத் தெரியாதவர்களுக்கு: ஊர் மையத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பத்துக்கண்ணு போகிற சாலை கரையை ஒட்டியே போகும். சுமார் 800 ஹெக்டேர். பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து சேருகிறது. புதுச்சேரிப் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், பின்னால் தமிழ்நாட்டுப் பகுதியும் சரணாலயம் ஆனது. பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று வருகிற மாதங்கள் நமக்கு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகை, அதாவது கூதிர் காலம். வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்குவதும் அப்போதுதான், வானம் மூடிக்கொண்டு கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாததும் அப்போதுதான். பைனாகுலர் தேர்வில் இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

முதலில் அந்த 20×50 கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன். '20 மடங்கு' என்றதும் மனசு அதில் போய் விழுந்துவிட்டது, 8 மடங்கை விட 20 மடங்கு நல்லது என்றுதானே தோன்றும். முன் லென்ஸ் சிவப்பாக மின்னும், பார்க்க ரொம்ப உசத்தியான சாமான் போல இருக்கும். ஏரிக்குக் கொண்டுபோய்க் கண்ணில் வைத்தால் கொக்கு ஆடுகிறது. காற்றில் ஆடவில்லை, என் கையில் ஆடுகிறது. பறவையை 20 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும், இது கணக்கு, இதிலிருந்து யாரும் தப்ப முடியாது. அந்தச் சிவப்புப் பூச்சு உள்ளே வரவேண்டிய சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பார்ப்பதெல்லாம் பச்சையும் நீலமும் கலந்த மாதிரி தெரியும். செந்நாரைக்குச் சிவப்பே இல்லை என்றால் அது என்ன செந்நாரை. நான் அதைச் சாம்பல் நாரை என்று எழுதிவைத்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு, பைனாகுலர் வாங்கும் எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வரும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. 10×42 என்றால் 4.2. 20×50 என்றால் வெறும் 2.5. மேகம் மூடிய விடிகாலையில் நம் கண்மணி நன்றாக விரிந்திருக்கும், அந்த நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் ஒளியைக் கொடுத்தால் இருட்டாகத்தான் தெரியும். ஐப்பசி மாதம் ஆறு மணிக்குக் கரையில் நின்று பாருங்கள், தண்ணீரும் வானமும் ஒரே ஈய நிறம். அந்த வெளிச்சத்தில் 8×42-ஐ வைத்துக் கோரைப் புல்லுக்கு நடுவே ஓட்டினேன், நீலத் தாழைக்கோழி ஒன்று காலால் தண்டைப் பிடித்துக்கொண்டு கடிப்பது தெரிந்தது, அதன் நெற்றிச் சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது. அது அக்டோபர் 6, முதல் ஞாயிறு. கொடுத்த காசு அன்றைக்கே செரித்துவிட்டது.

அன்றைக்கு ஏரியில் தண்ணீர் குறைவு. கரையோரம் சேறு தெரிந்தது, சேற்றில் பொரி உள்ளான்கள் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தன, மேலே கரண்ட் கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக. வெறும் கண்ணுக்கு எல்லா உள்ளானும் ஒரே பழுப்பு. இந்த மாதிரிச் சமயத்தில் 8 மடங்கு போதுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. போதும். நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்தில் கண்ணுக்கு மேலே நீண்டு போகும் வெள்ளைப் புருவம், முதுகில் பொரிப் பொரியாக இருக்கும் புள்ளி, மஞ்சளாய்த் தெரியும் கால், எல்லாம் எண்ணலாம். பொரி உள்ளான் என்று பெயர் வைத்தவர் நிச்சயம் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறார்.

நீளவால் இலைக்கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு அந்த நீள வால் இருக்காது, இனப்பெருக்க காலம் முடிந்ததும் உதிர்த்துவிடும். படத்தில் பார்த்த வாலைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் எதிரிலேயே நிற்பதை விட்டுவிடுவார்கள், முதல் மூன்று வாரம் நானும் விட்டேன். நான்காவது வாரம்தான் அல்லி இலைமேல் நடந்துபோன ஒரு சாதாரணப் பழுப்புப் பறவையின் கழுத்தோரம் கறுப்புக் கோடும் மங்கலான பொன்நிறமும் தெரிந்து, பறக்கும்போது இறக்கை முழுக்க வெள்ளையாக விரிந்து, அடடா இதுதானா என்று புரிந்தது. இதற்குத் தேவைப்பட்டது பெரிதாக்கல் இல்லை, நிறம் உண்மையாகத் தெரிவதும் அசையாத படமும்தான். இந்தப் பைனாகுலர் நிறத்தில் பொய் சொல்வதில்லை, லேசாக மஞ்சள் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

வாத்துகளும் அப்படித்தான். நீலச்சிறகிகள் அக்டோபர் நடுவில் வந்து சேர்ந்தன. ஆனால் படங்களில் ஆண் வாத்தின் முகத்தில் தெரியும் வெள்ளைப் புருவம் அப்போது கிடையாது, பயண காலத்தில் ஆணும் பெண் மாதிரியே பழுப்பாகத்தான் வரும், புது உடுப்பு மாற்ற மாசிப் பக்கம் ஆகிவிடும். அதனால் முகத்தில் கண்ணின் குறுக்கே போகும் கருங்கோடு, அலகின் அடியில் இருக்கும் வெளிர்ப் புள்ளி, இதையெல்லாம் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தட்டைவாயனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, கரண்டி மாதிரி அலகு நூறு மீட்டரில் காட்டிக்கொடுத்துவிடும். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். நீலச்சிறகியைப் பிரிக்கிற வேலையில் 8×42 சுமார் எண்பது மீட்டர் வரை உதவியது, அதற்கு மேல் நான் ஊகித்தேன். ஊகித்ததைப் பட்டியலில் 'வாத்து, வகை தெரியவில்லை' என்றுதான் எழுதினேன்.

இனி, இந்தப் பைனாகுலரில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த விஷயம்: பார்வைப் பரப்பு. என்னுடையதற்கு 7.5 டிகிரி, அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 131 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் விழும். பழைய 20×50-க்கு 3 டிகிரி சொச்சம்தான், ஐம்பத்தைந்து அறுபது மீட்டர். இந்த வித்தியாசம் காகிதத்தில் ஒன்றும் தெரியாது. நவம்பர் 17 காலையில் தெரிந்தது. நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் பரவி மேய்ந்துகொண்டிருந்தன, சம்புப் புதர் மேலே ஒரு சேற்றுப் பூனைப்பருந்து இறக்கையை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி தாழ்வாக வந்தது. பருந்தைப் பைனாகுலரில் பிடித்தேன். பிடித்த அதே வட்டத்துக்குள் கீழே நாமக்கோழிகளும் விழுந்தன. அவை சிதறவில்லை, ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாக ஆயின, பருந்து தலைக்கு மேலே வந்ததும் ஓரத்தில் இருந்தவை தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு நடுவே ஓடின, அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. பருந்து இரண்டு முறை காலைக் கீழே இறக்கிப் பார்த்தது. கூட்டம் பிரியவே இல்லை. பிறகு அது வடக்கே பூத்துறைப் பக்கம் போய்விட்டது. முழுசாக நான்கு நிமிஷம் இருக்கும், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை, கை வலிக்கவும் இல்லை. அதிக மடங்கு உள்ளதில் பருந்து மட்டும் தெரிந்திருக்கும், அல்லது கோழி மட்டும் தெரிந்திருக்கும். அந்த நான்கு நிமிஷத்துக்காகவே எல்லோரிடமும் 8×42 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க. நான் கண்ணாடி போடுபவள். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு தூரத்தில் முழு வட்டமும் தெரியும் என்று ஒரு அளவு பெட்டியில் போட்டிருக்கும். அது 15 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கண்ணாடியோடு பார்க்கும்போது ஓரம் வெட்டுப்படும். என்னுடையதில் 17. கண் குமிழ்களை, அதாவது கண்ணை ஒட்டி வைக்கிற திருகு வளையங்களை, முழுக்க உள்ளே திருகிவிட்டு அப்படியே கண்ணாடிமேல் வைத்துப் பார்க்கிறேன், முழு வட்டமும் கிடைக்கிறது. கடைக்குப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், கழற்றினால் சோதனையே வீண்.

வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கும், இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசத்தைச் சரிசெய்வது. நிறைய பேர் அதைத் தொடாமலே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு 'படம் தெளிவா இல்ல, தலை வலிக்குது' என்கிறார்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்க வேண்டும், அப்புறம் இடது கண்ணை மூடி, வலது கண்ணுக்கு அந்த வளையத்தை மட்டும் திருக வேண்டும். ஒருமுறை செய்தால் போதும், அதன்பின் நடுச் சக்கரம் மட்டும்தான்.

சரி, குறைகள். வெயில் ஏறிய பிறகு வெளுத்த வானத்தின் எதிரே நத்தைகுத்தி நாரையைப் பார்த்தால் இறக்கை ஓரம் ஊதாவாகத் தெரிகிறது. இது இந்த விலையில் இருக்கத்தான் செய்யும், முப்பதாயிரத்துக்கு மேல் போனால் குறையும். வட்டத்தின் ஓரத்தில் தெளிவு கம்மி, நடுவில் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டால் உறுத்தாது. கூட வருகிற கழுத்துப் பட்டை மட்டம், மெல்லிய நைலான், 650 கிராம் எடை இரண்டு மணி நேரம் தொங்கினால் பின்கழுத்தில் கோடு விழுகிறது. முதுகில் குறுக்காகப் போட்டு இரண்டு தோளிலும் மாட்டுகிற வார் ஒன்று தனியாக வாங்கினேன். பைனாகுலருக்கு அடுத்தபடியாக உருப்படியான செலவு அதுதான்.

பெரிய குறை ஒன்று. ஏழாவது வாரம் வலது கண் குமிழ் தளர்ந்துவிட்டது. மேலே திருகி வைத்தால் நிற்காமல் தானாக உள்ளே இறங்குகிறது. எனக்குக் கண்ணாடி இருப்பதால் குமிழை எப்போதும் இறக்கித்தான் வைப்பேன், அதனால் தெரியவே இல்லை, வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பொறுத்துக்கொண்டு, ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்த பிறகு சர்வீஸுக்கு அனுப்பினேன். 19 நாள் ஆனது. காசு வாங்கவில்லை, கூரியர் செலவு மட்டும் என் தலையில். இரண்டு முறை போன் செய்த பிறகுதான் வந்து சேர்ந்த விவரமே சொன்னார்கள். 11,800 ரூபாய்ப் பொருள் ஏழு வாரத்தில் தளரக்கூடாது, இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மழை. நவம்பர் 10 அன்று மதகுப் பக்கம் நிற்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது, ஒதுங்க இடமில்லை. ஒரு அரைமணி நேரம் பைனாகுலரும் நானும் நனைந்தோம். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை, மூட்டம் இல்லை. நைட்ரஜன் அடைத்தது என்று பெட்டியில் போட்டிருப்பது இதற்குத்தான், உள்ளே ஈரக் காற்று இல்லாததால் உள்பக்கம் வியர்க்காது. வெளிப்பக்கம் வியர்ப்பது வேறு விஷயம், அது ஏசி ரூமிலிருந்து எடுத்து நேராக வெளியே கொண்டுபோனால் எந்தப் பைனாகுலரிலும் நடக்கும். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். முதல் நாள் இரவே ஏசி இல்லாத அறையில் எடுத்து வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை வராது.

துடைப்பது பற்றி ஒரு வேண்டுகோள். புடவைத் தலைப்பு, வேட்டி நுனி, சட்டைக் கை எதுவும் வேண்டாம். கடற்கரை ஊரில் லென்ஸ்மேல் எப்போதும் நுண்ணிய மணலும் உப்பும் இருக்கும், துணியை வைத்து அழுத்தினால் அது உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி. முதலில் ரப்பர் பல்பால் ஊதித் தூசியைப் போக்க வேண்டும், பிறகு மென்மையான பிரஷ், கடைசியாகத்தான் லென்ஸ் துணி.

பூஞ்சை பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அதற்கு முந்தைய அதிகபட்சம் 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 செ.மீ. என்று செய்தியில் படித்தபோது, அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று புரிந்து ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனேன். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, வீடே ஊறிப்போயிருந்தது. பீரோவில் துணி, புத்தகம் எல்லாம் முடை நாற்றம். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தேன்: பழைய 20×50-இன் உள்லென்ஸில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடியிருந்தது. பூஞ்சை. புது 8×42-இல் எதுவும் இல்லை. அது அடைத்த உடல் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதை நான் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருந்தேன். நீல நிற மணி கிடைக்கும், ஈரம் குடித்ததும் வெளிர்சிவப்பாக மாறும், வாணலியில் சிறுதீயில் வாட்டினால் மறுபடி நீலம், அதற்கென்று தனி வாணலி வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், மாவுத்தூள் சக்கரத்தின் இடுக்கில் போய் உட்காரும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மாட்டி வைப்பதும் கூடாது, தோலே ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

டிசம்பர் 8 அன்று திரும்பப் போனபோது அது நான் பார்த்துவந்த ஏரி இல்லை. கரை நெருங்கத் தண்ணீர். அக்டோபரில் உள்ளான் நடந்த சேறு ஆழத்தில் போய்விட்டது, உள்ளான்கள் ஒன்றுகூட இல்லை. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர்கள் உச்சி மட்டும் தெரிய மூழ்கி நின்றன, அதன் மேல் பாம்புத்தாராக்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வாத்துகள் எல்லாம் நடு ஏரிக்குப் போய்விட்டன.

இங்கேதான் 8×42 தோற்றது. நானூறு ஐந்நூறு மீட்டர் தள்ளி மிதக்கும் கறுப்புப் புள்ளிகளில் எது ஊசிவால், எது நீலச்சிறகி, எது வெறும் நாமக்கோழி என்று அதனால் சொல்ல முடியவில்லை. 10×42 வைத்திருந்த நண்பராலும் முடியவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்கு முக்காலியில் வைக்கிற ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வேண்டும், 20 மடங்குக்கு மேல். 8-லிருந்து 10-க்குப் போய் அந்தப் பிரச்சினை தீராது. அன்றைக்கு நான் செய்தது, பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று ஒரு முறை எண்ணிவிட்டு, அதே அளவுத் துண்டு எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் குறித்தேன். வகை எழுதவில்லை.

கரையில் எருமை மேய்க்கிற ஒரு அண்ணன் வாரா வாரம் பார்ப்பார். மூன்றாவது வாரம்தான் பேச்சுக் கொடுத்தார். "ஏம்மா, ஞாயித்துக்கெழமை ஆனா வந்துர்றியே, கவர்மெண்டு கணக்கு எடுக்கவா?" "இல்லண்ணே, சும்மா பாக்கத்தான் வர்றேன்." "இதுல என்னா தெரியும்?" கொடுத்தேன். அவருக்குக் கண்களுக்கு நடுவே தூரம் அதிகம், இரண்டு குழலையும் விரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தா பார், வாயில மீனு, குத்திக்கிட்டு நிக்குது, முழுங்கத் தெரியாம சுத்துது," என்றார். பாம்புத்தாரா. மீனை அலகில் குத்திப் பிடித்து, மேலே வீசி, தலை முன்னே வரும்படி வாங்கி விழுங்கும். அவர் அதை நாற்பது வருஷமாகத் தூரத்தில் பார்த்திருக்கிறார், மீனின் கண் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான் என்றார். அதற்கப்புறம் அவர்தான் எனக்குச் சொல்லுவார், இந்த வாரம் மதகுக்கு இடப்பக்கம் போ, காலையில வெள்ளை வாத்து எறங்குச்சு என்று. அவர் சொன்ன வெள்ளை வாத்து குள்ளத்தாரா. அவர் சொல்லாவிட்டால் அல்லிக் கொடிக்குள் அந்த ஜோடியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஒன்பது வயது மகளையும் மூன்று முறை கூட்டிப்போனேன். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: இரண்டு குழலையும் முழுக்க மடக்கினாலும் அவள் கண்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு இது சிறுக்கவில்லை, இரண்டு வட்டமாகத் தெரிகிறது என்றாள். ஒரு கண்ணால்தான் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு 8×25 மாதிரிச் சிறியது சரியாக இருக்கும், மடக்கினால் இன்னும் நெருங்கும். ஆனால் மதகுக் கட்டையில் மூன்று நான்கு மீட்டரில் உட்கார்ந்திருந்த சிறு நீல மீன்கொத்தியை அந்த ஒரு கண்ணாலேயே பார்த்துவிட்டு வீடு வரும் வரை ஸ்கூட்டியில் பேசிக்கொண்டே வந்தாள். என்னுடையது மூன்று மீட்டர் வரை தெளிவாகும், தும்பிகளையும் பார்க்கலாம்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு சோதனை. பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கிக் காட்டினால் பின் லென்ஸில் சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டிய மாதிரி சதுரமாகவோ சாம்பல் நிழலோடோ இருந்தால் உள்ளே இருக்கும் பிரிசம் மட்டம். அடுத்தது, தூரத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். கோடு இரண்டாகத் தெரிந்தாலோ கண் இழுக்கிற மாதிரி இருந்தாலோ இரண்டு குழலும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம், வாங்காதீர்கள். நான் வாங்கிய கடையில் வெளியே கொண்டுபோய்ப் பார்க்க விட்டார்கள், மூன்று பீஸ் மாற்றிப் பார்த்தேன், மூன்றாவதுதான் சரியாக இருந்தது. ஒரே மாடலில் பீஸுக்குப் பீஸ் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஆன்லைனில் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊசுடுவுக்குப் போகிறவர்களுக்கு: ஏழரைக்குள் போய்விடுங்கள், வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எந்தப் பைனாகுலரும் நிழலைத்தான் காட்டும். கரைச் சாலை குறுகல், லாரி வேகமாக வரும், வண்டியை ஓரம் தள்ளி நிறுத்திவிட்டு முதலில் சாலையைப் பாருங்கள், பறவையை அப்புறம் பார்க்கலாம். கரையோரம் கிடக்கும் பாட்டில் உடைசல்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மொபைலில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்து இளைப்பாறுகிற உயிர்கள் அவை. பாகூர் ஏரிக்கும் இதே 8×42 பொருந்தும். மரக்காணம் பக்கம் கழுவெளி போகிறவர்கள் ஸ்கோப் இல்லாமல் போனால் ஏங்கிப்போவீர்கள், அங்கே எல்லாமே தூரம்.

பைனாகுலர் சர்வீஸிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வந்தது. குமிழ் இப்போது இறுக்கமாக நிற்கிறது, மேலே மூன்று நிலையிலும் திருகிப் பார்த்தேன். பிப்ரவரி 9, ஞாயிறு, மதகுக்கு இடப்பக்கம். தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது, வாத்துகள் மறுபடி கரைப் பக்கம் வந்திருந்தன. அக்டோபரில் பழுப்பாக வந்து இறங்கிய நீலச்சிறகிகளில் ஒன்று கழுத்தைத் திருப்பியது, கண்ணுக்கு மேலே பிறை மாதிரி வெள்ளைப் புருவம், அறுபது எழுபது மீட்டர் தூரத்தில், தெளிவாக.